பரவைக்கடலைச் செய்மதியில் படிப்பது எப்படி? யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

செய்மதிப் படத்தை வைத்து நீர்நிலை படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த பாடத்தோடுதான் வருகிறார்கள். அந்தப் பாடங்களில் வருவது ஆழமான ஏரி, இல்லாவிட்டால் திறந்த சமுத்திரம். பரவைக்கடல் என்று நாம் சொல்லும் நம்முடைய கடல்நீரேரியோ பல இடங்களில் முழங்காலளவு, இடுப்பளவு. அங்கே சரியாக ஓடிய சூத்திரத்தைப் யாழ் நகரை அண்டிய பண்ணைக் கடலுக்கும் அரியாலைக் கடலுக்கும் அப்படியே போட்டால் வண்ண வண்ணமாக வரைபடம் வரும். அது நீரின் வரைபடமா, அடியில் கிடக்கும் சாதாழை என்ற கடற்புல்லின் வரைபடமா என்று கேட்டால் பதில் இராது. யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு இறங்குகிறவர் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

செலவு அதிகமில்லை. ஒரு மடிக்கணினி, ஓரளவு ஓடுகிற இணையம், ஒரு கைத்தொலைபேசி போதும். படங்கள் இலவசம், மென்பொருளும் இலவசம். வள்ளத்துக்கும் எண்ணெய்க்கும்தான் காசு வேண்டும்.

எந்தச் செய்மதி?

தொடக்கத்துக்குச் சென்டினல்-2 ஒன்றே போதும். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் இவ்வரிசையின் முதற் செய்மதியை 2015 ஜூனிலும் இரண்டாவதை 2017 மார்ச்சிலும் மூன்றாவதை 2024 செப்டெம்பரிலும் ஏவியது. இரண்டு செய்மதிகள் மாறி மாறிச் சுற்றும்போது ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில் நம் தலைக்கு மேலால் போகும். நீலம், பச்சை, சிவப்பு, கிட்டிய அகச்சிவப்பு ஆகிய நான்கு ஒளிப்பட்டைகளில் ஒரு பிக்சல் (படத்தின் மிகச்சிறிய சதுரம்) 10 மீற்றருக்கு 10 மீற்றர். நம்மூர் நில அளவுக் கணக்கில் இரண்டரைப் பிக்சல் ஏறத்தாழ ஒரு பரப்பு. பச்சையத்தைப் பிடிக்க உதவும் 705 நனோமீற்றர்ப் பட்டையும் குற்றலை (ஆங்கிலத்தில் SWIR) அகச்சிவப்புப் பட்டைகளும் 20 மீற்றர். அங்கே ஒரு பிக்சலே ஒன்றரைப் பரப்புக்கு மேல்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எந்தக் குளத்தைப் படிக்கலாம், எதை விடவேண்டும் என்பது தானாகத் தெரியும். கரையோரப் பிக்சலில் நீரும் குளக்கட்டும் புல்லும் கலந்திருக்கும். அந்த வளையத்தைக் கழித்துவிட வேண்டும். யாழ் நகரின் ஆரியகுளம், புல்லுக்குளம் போன்றவற்றில் கழித்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். சின்னக் கேணிகளில் ஒன்றும் மிஞ்சாது. குளத்தில் பழக விரும்புகிறவர்கள் கிளிநொச்சி இரணைமடுவை எடுங்கள். அகலமானது, மாரியில் நிரம்பிக் கோடையில் இறங்குவது படத்தில் தெளிவாகத் தெரியும்.

பழைய காலத்தைப் பார்க்க அமெரிக்காவின் லாண்ட்சாட் வரிசை. வரிசையின் முதற் செய்மதி 1972இல் போனது. 30 மீற்றர்ப் படங்கள் 1980களிலிருந்து உண்டு. 2008 முதல் முழுக் களஞ்சியமும் இலவசம். நம் கடற்றொழிலாளர் கடலுக்குப் போகமுடியாதிருந்த வருடங்களிலும் லாண்ட்சாட் மேலால் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் எல்லா வருடத்துக்கும் ஒரேயளவு படம் கிடையாது. 2003 மே மாதத்துக்குப் பிந்திய லாண்ட்சாட்-7 படங்களில் கோடு கோடாக வெற்றிடம் இருக்கும். அதைக் கண்டு கணினி பழுது என்று நினைக்கவேண்டாம், செய்மதியின் கருவி பழுதானது. நீரின் வெப்பநிலை வேண்டுமென்றால் லாண்ட்சாட்-8, லாண்ட்சாட்-9 இரண்டிலும் வெப்பப் பட்டை இருக்கிறது.

சென்டினல்-3, மோடிஸ் போன்றவை சமுத்திரம் போன்ற பெரும்பரப்பைப் பார்க்கச் செய்தவை. முன்னதன் பிக்சல் 300 மீற்றர், பின்னதன் கடல்நிறப் படத்தில் 1 கிலோமீற்றர். பாக்கு நீரிணையின் மாதாந்தப் போக்கைப் பார்க்க உதவும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீரில் அவற்றால் பயனில்லை.

முதல் நாள்

கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையத்தளத்தில் இலவசக் கணக்கொன்று திறந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தைத் தேடி, சென்டினல்-2ஐத் தெரிவுசெய்து, முகில் மூட்டத்தைப் பத்து வீதத்துக்குள் வைத்துத் திகதிகளைப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை படம் கிடைப்பது அருமை. தைக்குப் பிறகு வானம் திறக்கும்.

சூத்திரம் எதையும் தொடாமல் இயல்பான நிறப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். வெளிர்நீலமும் பச்சையும் கலந்து பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் ஆழமற்ற வெண்மணல். திட்டுத் திட்டாகக் கறுத்தும் கபிலமாகவும் இருப்பது சாதாழையாக இருக்கலாம், சேறாகவும் இருக்கலாம். பாலில் மண் கரைத்ததுபோல் விளிம்பில்லாமல் பரவிக் கிடப்பது கலங்கல். பண்ணைப் பாலத்தின் இருபுறமும் நீரின் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தை நான்கைந்து திகதிகளில் பாருங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போகட்டும். நேரே சுட்டிக்கு (பட்டைகளின் பெறுமானங்களைக் கொண்டு கணிக்கும் எண்ணுக்கு) பாய்கிறவர்கள் பிறகு இங்கேதான் திரும்பி வரவேண்டியிருக்கும்.

கூகுள் ஏர்த்தையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். அதன் கூர்மையான படங்களில் பரவைக்கடலில் நட்டிருக்கும் சிறகுவலைகள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். கடலட்டைப் பண்ணைகளின் அடைப்புகளையும் காணலாம். எந்த இடத்தில் மனிதர் வேலைசெய்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளாமல் மாதிரி எடுக்கும் புள்ளிகளைக் குறிக்கக்கூடாது.

நீர் எங்கே நிற்கிறது

முதற் பயிற்சிக்கு நீர்ப்பரப்பை அளப்பதுதான் நல்லது. கிட்டிய அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும். மண்ணும் மரமும் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை வைத்து மக்ஃபீற்றர்ஸ் 1996இல் நீர்ச்சுட்டி ஒன்றைச் சொன்னார். பச்சைப் பட்டையின் பெறுமானத்திலிருந்து கிட்டிய அகச்சிவப்பின் பெறுமானத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். சென்டினல்-2இல் அவை பி3, பி8. விடை பூச்சியத்துக்கு மேலே இருந்தால் நீர் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

தொண்டைமானாறு நீரேரியில் இதைப் போட்டுப் பாருங்கள். தை மாதத்துப் படம் ஒன்று, கோடை முற்றிய பின் ஒன்று. ஆழமற்ற பகுதிகள் வற்றி, உப்புப் பூத்து வெள்ளையாகத் தெரியும்போது கரை எது, நீர் எது என்று சுட்டி தடுமாறும். ஈரச்சேறும் நீராகத் தோன்றும். கலங்கிய ஆழமற்ற நீர் அகச்சிவப்பைக் கொஞ்சம் திருப்பி அனுப்புவதால் நீரே நிலமாகத் தோன்றுவதும் உண்டு. பி8க்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பான பி11ஐப் போட்டால் கலங்கலால் வரும் குழப்பம் பெரிதும் குறையும். சூ என்ற ஆய்வாளர் 2006இல் முன்வைத்த திருத்தம் இது. ஆனால் பிக்சல் 20 மீற்றராகிவிடும். பூச்சியம் என்ற எல்லையையும் வேதவாக்காக எடுக்கவேண்டாம். செல்வச்சந்நிதிப் பக்கம் போய் நீர் எந்த இடத்தில் முடிகிறது என்று ஒருமுறை கைத்தொலைபேசியில் குறித்துவந்து, அதற்கு ஏற்றபடி எல்லையை நகர்த்துங்கள்.

மழைக்காலத்தில் முகிலுக்குள்ளால் பார்க்கச் சென்டினல்-1 இருக்கிறது. அது ராடார், இரவிலும் வேலைசெய்யும். அமைதியான நீர் கறுப்பாக விழும். 2020 டிசம்பரில் புரெவிப் புயலோடு வந்த மழை யாழ்ப்பாணத்தின் பல இடங்களை வெள்ளக்காடாக்கியது. அதற்கு முந்திய ராடார்ப் படத்தையும் பிந்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. காற்று பலமாக இருந்த நாளில் அலையால் நீரும் வெளுத்துத் தெரியும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடித்தரையா, நீரா?

இதுதான் யாழ்ப்பாணத்துப் பாடம்.

நீல ஒளியும் பச்சை ஒளியும் தெளிந்த நீருக்குள் பல மீற்றர் இறங்கும். சிவப்பு அவ்வளவு இறங்காது. கிட்டிய அகச்சிவப்பு கொஞ்சத் தூரத்திலேயே அடங்கிவிடும். ஒரு மீற்றர் ஆழத்தில் மணல் இருந்தால் ஒளி மணலில் பட்டுத் திரும்பிச் செய்மதிக்குப் போகிறது. செய்மதிக்கு மணல், நீர் என்ற பிரிவு தெரியாது; வந்த ஒளியை எண்ணாகத் தரும், அவ்வளவுதான்.

இப்போது பச்சையத்துக்கு வாருங்கள். நீரில் மிதக்கும் நுண்பாசி பெருகினால் அதன் பச்சையம் 440 நனோமீற்றரை அண்டிய நீலத்தையும் 670ஐ அண்டிய சிவப்பையும் உறிஞ்சும். திரும்பி வரும் ஒளியில் 705ஐ அண்டி ஒரு மேடு எழும். மிஷ்ரா இருவர் 2012இல் முன்வைத்த சுட்டி இந்த மேட்டைப் பிடிக்கிறது: பி5இலிருந்து (705 பட்டை) பி4ஐ (சிவப்பு) கழித்து, கூட்டுத்தொகையால் வகுப்பது. கலங்கிய கழிமுகங்களுக்கு நல்ல சுட்டி. ஆனால் சாதாழையும் பச்சையம் உள்ள தாவரந்தானே? முக்கால் மீற்றர் நீருக்கடியில் செழித்துக் கிடக்கும் சாதாழையும் அதே மேட்டைக் காட்டும். சுட்டி 'பாசி பெருகிவிட்டது, நீர் கெட்டுவிட்டது' என்று சிவப்பு நிறத்தில் கத்தும். அங்கே இருப்பது மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் வீடான ஆரோக்கியமான சாதாழைப் படுக்கை. முடிவு நேர் எதிராகிவிடுகிறது. இப்படியொரு வரைபடம் அதிகாரிகளின் மேசைக்குப் போனால் வரும் கேட்டை நினைத்துப் பாருங்கள்.

ஆழ்கடலுக்கென்று செய்த நீலம்-பச்சை விகிதச் சூத்திரங்களுக்கும் இதே கதி. அடித்தரையும் கலங்கலும் மக்கிய இலைச்சாறும் சேர்ந்து பச்சையத்தைக் கூட்டிக் காட்டும்.

தரையையும் நீரையும் பிரித்தறிய மூன்று வழி சொல்லலாம். எனக்கு நம்பிக்கையானது முதலாவது. ஒரே இடத்தின் பத்துப் பன்னிரண்டு திகதிப் படங்களை அடுக்குங்கள். கறுத்த திட்டு ஒவ்வொன்றிலும் அதே உருவத்தில் அதே இடத்தில் இருந்தால் அது தரையோடு ஒட்டியது. பாசியும் கலங்கலும் காற்றோடு போகும். சோளகம் (தென்மேல் காற்று) வீசும்போது ஒரு பக்கம், வாடையில் (வடகீழ்க் காற்று) மறு பக்கம். கோப்பர்நிக்கஸ் பிரவுசரிலேயே படங்களை ஓடவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது.

இரண்டாவது, ஆளைக் கேட்பது. படத்தை அச்சிட்டு, எழுத்துப் பெரிதாக ஊர்ப்பெயர்களைப் போட்டு, கரையில் வலை பொத்துகிறவரிடம் காட்டுங்கள். "அண்ணை, இவடத்திலை கறுப்பாக் கிடக்கிறது சாதாழையோ?" என்றால், "இது சாதாழை. இங்காலை கிடக்கிறது சேறு தம்பி, கால் வைச்சால் தாழும்" என்று விரலால் கோடு கீறிக் காட்டுவார். அந்தக் கோட்டை அப்படியே படத்தில் கீறிக்கொள்ளுங்கள். எந்தக் கணினியும் தராத தரவு அது.

மூன்றாவது கணக்கு வழி. ஆழம் மாறினாலும் தரையின் வகை மாறாமல் தெரியும்படி இரண்டு பட்டைகளின் மடக்கைகளைச் சேர்த்துச் செய்யும் முறை. இதன் அடிப்படையை லைசெங்கா 1978இல் எழுதினார். நீர் தெளிவாக இருக்கும் நாளுக்குத்தான் அது சரிவரும். முதல் இரண்டையும் செய்தபின் இதற்கு வாருங்கள்.

இவற்றைக் கொண்டு நீரேரியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: தரை தெரியும் பகுதி, தெரியாத பகுதி. தெரியும் பகுதியில் சாதாழை, மணல், கண்டல் ஓரம் ஆகியவற்றைப் படியுங்கள். பச்சையம், கலங்கல் எண்களைத் தெரியாத பகுதிக்கு மட்டும் கணக்கிடுங்கள். வரைபடத்தில் ஓட்டை விழும். விழட்டும்.

வானமும் வெயிலும்

கடலுக்கு மேலே செய்மதி வாங்கும் ஒளியில் மிகப் பெரும்பங்கு காற்றுமண்டலத்திலிருந்து வருவது. நீரிலிருந்து வருவது சிறு பங்குதான். ஆகவே காற்றைக் கழிக்காமல் நீரைப் பற்றிப் பேசமுடியாது. சென்டினல்-2 படம் இரண்டு தரத்தில் கிடைக்கும். எல்1சி என்பது காற்றோடு சேர்ந்த படம். எல்2ஏ காற்றைக் கழித்தது. எல்2ஏ எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கழிப்பு முக்கியமாக நிலத்துக்கென்று செய்தது. நீர்ப்பரப்பு அளக்க அது போதும், பச்சையத்துக்குப் போதாது. அதற்கு எல்1சியை இறக்கி, அகோலைட் என்ற இலவச மென்பொருளில் போடுங்கள். கலங்கிய கரையோர நீருக்காகப் பெல்ஜியத்தில் உருவாக்கியது. ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஸ்நாப் மென்பொருளுக்குள் இருக்கும், காற்றைக் கழிக்கும் சி2ஆர்சிசி முறையும் பிரபலம்; ஆனால் அது தரை தெரியாத நீரைக் கொண்டு பழக்கியது. பரவைக்கடலின் ஆழமற்ற பகுதிக்கு அதை நம்பவேண்டாம்.

ஒரு சின்னப் பொறி. 2022 ஜனவரி 25க்குப் பின் வெளியான சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். 1000ஐக் கழித்து 10000ஆல் வகுத்தால்தான் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்பியது என்ற உண்மையான எண் வரும். கவனிக்காமல் 2021ஐயும் 2023ஐயும் ஒப்பிட்டால் நீரேரி ஒரே இரவில் மாறிவிட்டதாகத் தோன்றும். இணையத்திலேயே படங்களைக் கணக்கிட உதவும் கூகுள் ஏர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்ட்' என்ற பெயரில் வரும் தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது சூரியத் தெறிப்பு, அதாவது வெயில் நீரின் மேற்பரப்பில் கண்ணாடிபோல் பட்டுத் திரும்புவது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. சித்திரையிலிருந்து ஆவணி வரை காலைப் படங்களில் கடல் வெள்ளி பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும். சோளகம் அலையைக் கிளப்பினால் இன்னும் மோசம். திருத்தும் முறைகள் உண்டு; அகோலைட்டிலும் இருக்கிறது. கிட்டிய அகச்சிவப்பை வைத்துத் திருத்துவதைவிடக் குற்றலையை வைத்துத் திருத்துவது நமக்குப் பொருந்தும். ஆழமற்ற சாதாழைக்கு மேலே கிட்டிய அகச்சிவப்பு பூச்சியமாக இராது என்பதே காரணம். கடுமையாக வெளுத்த படத்தை வைத்து மாரடிக்காமல் தூக்கிப் போடுவது மேல்.

தண்ணீருக்குள் இறங்குதல்

நீரின் தெளிவை அளக்கச் செக்கித் தட்டு ஒன்று செய்யுங்கள். இத்தாலியரான செக்கி 1865இல் கடலில் பரீட்சித்த கருவி. இன்றும் அதைவிட மலிவானது இல்லை. பழைய பிளாஸ்ரிக் வாளி மூடியை 20 சென்ரிமீற்றர் விட்டத்தில் வட்டமாக வெட்டி, நான்கு கால்வாசியாகக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசுங்கள். பளபளப்பில்லாத பெயின்றாக இருக்கட்டும். நடுவில் துளையிட்டு, கீழே வலைக்குக் கட்டும் ஈயத்தைக் கனமாகக் கட்டி, நைலோன் கயிற்றில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். கயிறு நனைந்தால் நீளும். ஆகவே நனைத்தபின் முடியுங்கள். வள்ளத்தின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, தட்டு மறையும் ஆழத்தையும் மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

பரவைக்கடலில் பல இடங்களில் தட்டு தரையில் போய் இருந்தபின்னும் மேலிருந்து தெரியும். வெளிநாட்டுக் கையேடுகளில் இது 'அளவீடு கிடைக்கவில்லை' என்று ஒதுக்கப்படும். நமக்கு அதுதான் அளவீடு. 'தரை தெரிகிறது, ஆழம் 90 சென்ரிமீற்றர், சாதாழை அடர்த்தி' என்று குறித்தால், மேலே சொன்ன பிரிப்புக்கு அந்தப் புள்ளி சாட்சி.

புள்ளியைத் தெரிவுசெய்யும்போது சுற்றிவர முப்பது மீற்றருக்காவது தரை ஒரே மாதிரி இருக்கவேண்டும். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் சில மீற்றர் தவறும், செய்மதிப் படமும் சில மீற்றர் தவறும். சாதாழைத் திட்டின் விளிம்பில் நின்று எடுத்தால் எந்தப் பிக்சலோடு ஒப்பிடுவது? கணினியில் ஒப்பிடும்போதும் ஒரு பிக்சலை எடுக்காமல் மூன்றுக்கு மூன்று பிக்சலின் இடைப்பெறுமானத்தை எடுங்கள்.

பச்சையத்துக்கு நீர் எடுத்தால் கறுத்த போத்தலில், நிழலில், ஐஸ் பெட்டிக்குள். அன்றைக்கே வடிகட்டவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் துறை, புவியியல் துறை மாணவர்களோடு சேர்ந்து செய்தால் ஆய்வுகூடப் பிரச்சினை பாதி தீரும். உப்பளவுமானி கையிலிருந்தால் உவர்த்தன்மையையும் குறியுங்கள். செய்மதி அதை நேரடியாக இந்த நீரேரியில் தராது.

அனுமதிகளை மறக்கவேண்டாம். கடற்றொழிலாளர் சங்கத்துக்கு முதலே சொல்லுங்கள். சிறகுவலைக்கும் அட்டைப்பண்ணை அடைப்புக்கும் குறுக்காலே வள்ளம் விடுவது சண்டைக்கு அழைப்பு. கடற்படை முகாம்களை அண்டிய நீரில் அறிவித்துவிட்டே இறங்குங்கள். ட்ரோன் பறக்கவிட நினைத்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இடுப்பளவு நீர்தானே என்று உயிர்காப்பு அங்கியை வீட்டில் விட்டுவரக்கூடாது; சேறு தாழும் இடங்கள் உண்டு.

எப்போது போவது? வாடை ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முந்திய மாசி, பங்குனி. முகில் குறைவு, அலை குறைவு, சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. செய்மதி கடக்கும் திகதிகளைக் கோப்பர்நிக்கஸ் தளத்தில் பழைய படங்களின் திகதியிலிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிப் பெறலாம். லாண்ட்சாட்-8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை வரும். இரண்டு அட்டவணையையும் ஒரு கலண்டரில் எழுதினால் சில நாட்களில் இரண்டும் ஒரே காலையில் வருவதைக் காண்பீர்கள். அந்த நாட்களுக்கு வள்ளத்தைச் சொல்லிவையுங்கள். ஒன்பதரைக்கு முதற் புள்ளி, பதினொன்றரைக்குக் கடைசிப் புள்ளி. சமுத்திரத்தில் செய்மதி நேரத்துக்கு மூன்று மணி முன்பின் என்றால் ஏற்பார்கள்; காற்று ஏறினால் அரை மணியில் கலங்கிவிடும் நம் நீரில் ஒரு மணிக்குள் நிற்பது நல்லது. காலையில் வானத்தைப் பார்த்து முகில் மூடியிருந்தால் வள்ளத்தை இறக்காமல், அடுத்த ஐந்தாம் நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.